நல்ல மனசு போதுமா?

சங்கரன்கோவிலில் கோமதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் கையில் புற்றுமண் இருக்கும். நெற்றியில் பூசிக்கொள்வார்கள். தண்ணீரில் கரைத்துக் குடிப்பவர்களும் உண்டு. தீராத நோயும் தீரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

2022-ல் என் அம்மா பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தபோது, அவர் தலையணைக்கு அடியில் அந்த மண் ஒரு சின்னப் பொட்டலமாக இருந்தது. வைத்தது நான் இல்லை. நான் சென்னையில் இருந்தேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த அக்கா வைத்தது.

'பார்த்துக்கொள்ள வந்த அக்கா' என்று எழுதிவிட்டு ஒரு நிமிடம் நிறுத்தினேன். இந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர்? நீங்களும் யோசித்துப் பாருங்கள். 'ஆயா' என்கிறோம். நர்ஸிங் படித்தவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'ஹோம் நர்ஸ்' என்கிறோம். பெரும்பாலும், 'அம்மாவுக்கு ஆள் போட்ருக்கோம்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கல் வைத்துக் கட்டுகிறவர் கொத்தனார். மரம் இழைக்கிறவர் ஆசாரி. நம்மைப் பெற்றவளுக்கு மலம் துடைத்து, தலைவாரி, வாயில் சோறு ஊட்டுகிறவர் வெறும் 'ஆள்'.

பெயர் இல்லாத வேலைக்குப் படிப்பும் இருக்காது, பதவி உயர்வும் இருக்காது. இந்த வாரம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும். பேசுவதற்கு எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

*

அக்காவை ஒரு ஏஜென்சி அனுப்பியது. ஐம்பது வயது இருக்கும். 'டிரெயினிங் முடிச்சவங்க சார்' என்று போனில் சொன்னார்கள். என்ன டிரெயினிங் என்று நான் கேட்கவில்லை. ஒரு பழைய பைக் வாங்கினால்கூட ஆர்.சி. புக்கைப் புரட்டிப் பார்க்கிறவன், அம்மாவை ஒப்படைக்கும்போது ஒன்றுமே கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். நல்ல மனசுக்காரியாகத் தெரிந்தது. போதும் என்று நினைத்துவிட்டேன்.

மனசு நிஜமாகவே நல்ல மனசுதான். அம்மாவை 'ஆச்சி' என்றுதான் கூப்பிடுவார். இட்லியைப் பாலில் குழைத்து, ஒவ்வொரு வாய்க்கும் காத்திருந்து ஊட்டுவார். ராத்திரி அம்மா முனகினால் இவர் முதலில் எழுந்துவிடுவார்.

ஆறாவது வாரம், அம்மாவின் இடுப்புக்குக் கீழே முதுகில் ஒரு சிவப்புத் தடிப்பு. பத்தே நாளில் அது ரூபாய் நாணயம் அளவுக்குப் புண்ணாகி, உள்ளே குழி விழ ஆரம்பித்தது. படுக்கைப் புண்.

வீடு தேடி வரும் அரசு மருத்துவத் திட்டத்தில் ஒரு நர்ஸ் வந்தார். சின்னப் பெண். புண்ணைப் பார்த்தார். அக்காவிடம் கேட்டார்.

"எத்தனை மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறீங்க?"

"புரட்டணுமாம்மா? ஆச்சி அசந்து தூங்குறாக. எழுப்பக் கூடாதுன்னுல்ல இருந்தேன்."

அந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. அம்மாவின் முதுகில் புண் வந்தது அலட்சியத்தால் இல்லை. அன்பால். தூங்குகிற ஜீவனை எழுப்பக் கூடாது என்ற நல்ல மனசால்.

அந்த நர்ஸ் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இழுக்கக் கூடாது; இழுத்தால் தோல் உரியும். அடியில் மடித்த பெட்ஷீட்டைப் போட்டு, இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். குதிகால் மெத்தையில் அழுந்தாமல் காலுக்கு அடியில் தலையணை. படுத்த வாக்கில் ஊட்டக் கூடாது. சாய்த்து உட்கார வைத்து ஊட்டி, அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "இத முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா, இதுக்கு முந்துன வீட்டு அய்யாவுக்கும் புண்ணு வராம பாத்திருப்பனே."

பதினோரு வருடமாக இந்த வேலையில் இருந்தவர். பதினோரு வருடத்தில் கிடைத்த முதல் பாடம் அந்த ஒரு மணி நேரம்.

அம்மாவின் புண் ஆற நாலு மாதம் ஆனது.

*

'நல்ல மனசு இருந்தா போதும் சார், மத்ததெல்லாம் தானா வரும்' என்று நாம் சொல்வது இந்த ஒரு வேலைக்குத்தான். ஆபரேஷன் செய்ய வருகிறவரைப் பார்த்து, 'படிக்கலைன்னா என்ன, நல்ல மனசு' என்போமா? படித்ததால் டாக்டரின் இரக்கம் குறைந்துபோகிறது என்று கவலைப்படுவோமா? இந்த ஆளுக்கு மட்டும், கற்றுக்கொடுத்தால், சம்பளம் கூட்டினால், அன்பு போய்விடும், எல்லாம் மெஷின் மாதிரி ஆகிவிடும் என்ற பயம் நமக்கு எங்கிருந்து வருகிறது?

நர்ஸ் வேலையையும் ஒரு காலத்தில் இப்படித்தான் பார்த்தார்கள். கௌரவமான குடும்பத்துப் பெண் அடுத்தவர் உடம்பைத் தொட்டுத் துடைக்க மாட்டாள் என்றார்கள். 1871-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி ஆரம்பமானது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-ல் நர்ஸ்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். 1926-ல் சென்னை மாகாணத்தில் நர்ஸ்களையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யச் சட்டம் வந்தது. 1946-ல் வேலூரில் நர்ஸிங் பட்டப் படிப்பே வந்துவிட்டது. 1947-ல் இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம். பயிற்சி, பதிவு, பட்டம், பதவி உயர்வு என்று படிப்படியாக ஒரு ஏணி கட்டினார்கள். ஏணி வந்த பிறகுதான் மரியாதை வந்தது. ஏணி வந்ததால் கருணை குறைந்ததாக எந்த நோயாளியும் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னும் பின்னால் போகலாம். காஞ்சிபுரம் பக்கம் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்கே பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டுச் சோழ மன்னன் வீரராஜேந்திரனின் கல்வெட்டு இருக்கிறது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசுகிறது. வைத்தியர், அறுவை செய்கிறவர், மூலிகை கொண்டு வருகிறவர், நோயாளிகளுக்கு மருந்து கவனிக்கும் பெண்கள், நாவிதர் என்று ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்னால், அந்தப் பெண்களின் கூலி கல்லில் எழுதும் அளவுக்கு முக்கியமாக இருந்திருக்கிறது. நாம் ஒரு காகிதத்தில்கூட எழுதித் தருவதில்லை.

*

இப்போது என் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒரு வருடம் முடிந்ததும் அக்கா சம்பள உயர்வு கேட்டார். மாதம் பன்னிரண்டாயிரம் கொடுத்துக்கொண்டிருந்தேன். "ரெண்டாயிரம் சேத்துக் குடுங்க தம்பி" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்னக்கா இது, நீங்க எங்க வீட்டு ஆள் மாதிரி. உங்களுக்குச் செய்யாம போயிடுவேனா?"

அவர் ஒன்றும் பேசவில்லை. தீபாவளிக்கு நல்ல சேலையாக எடுத்துக் கொடுத்தேன். சம்பளம் பன்னிரண்டாயிரமாகவே இருந்தது.

நான் பி.காம். படித்தவன். கணக்கு தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்த வருடமும் எனக்கு இன்க்ரிமென்ட் வந்தது. அனுபவம் கூடுகிறது, அதனால் சம்பளம் கூடுகிறது என்பது எனக்கு இயல்பான நியாயமாகத் தெரிந்தது. அக்காவுக்கும் அந்த வருடம் அனுபவம் கூடியிருந்தது. புண் வராமல் பார்க்கத் தெரிந்தது. யூரின் ட்யூப் அடைத்துக்கொண்டால் உடனே கண்டுபிடிக்கத் தெரிந்தது. நேற்றும் இன்றும் குழம்பிப்போய், செத்துப்போன அப்பாவை அம்மா தேடும்போது, வாதாடாமல் பேச்சை மாற்றத் தெரிந்தது. அவரால் என் வீட்டு ஆஸ்பத்திரிச் செலவு குறைந்தது. அந்த லாபத்தை நான் வரவு வைத்துக்கொண்டேன். அவருக்குக் கொடுத்தது 'எங்க வீட்டு ஆள் மாதிரி' என்ற ஒரு சொல்.

'மாதிரி' என்ற சொல்லைக் கவனியுங்கள். வீட்டு ஆளுக்குச் சொத்தில் பங்கு உண்டு, இவருக்குக் கிடையாது. வேலை ஆளுக்கு லீவும் உயர்வும் உண்டு. அதுவும் இவருக்குக் கிடையாது. வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் ஓர் இடத்தில் அவரை நிறுத்தி, இரண்டு பக்கத்து உரிமையும் இல்லாமல் செய்துவிட்டு, அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

இதைச் செய்வது தனி மனிதர்கள் மட்டுமில்லை. 1975-ல் அங்கன்வாடித் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பெண்கள் வாங்குவது சம்பளம் இல்லை, 'மதிப்பூதியம்' என்றார்கள். அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் வரை ஆனது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். நல்ல திட்டம்; என் அம்மாவே பயன்பெற்றார். 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது. வீடு வீடாக ஏறி இறங்கி பி.பி. பார்த்து மாத்திரை கொடுத்த பெண்களுக்கு அதில் என்ன பெயர்? 'தன்னார்வலர்'. தொடங்கியபோது மாதம் 4,500 ரூபாய், அதுவும் 'ஊக்கத்தொகை'. அன்பு, சேவை, ஆர்வம்... இந்த நல்ல சொற்கள் எல்லாம் பணம் கொடுக்க வேண்டிய நேரத்தில்தான் சரியாக வந்து நிற்கின்றன.

*

எங்கள் ஊரில் பவர்லூம் அதிகம். தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தார் சுற்ற வந்த பையன் கொஞ்ச காலத்தில் தறி ஓட்டப் பழகிவிடுவான். தறி ஓட்டினவர் மேஸ்திரி ஆகலாம். கடனோ உடனோ வாங்கி, சொந்தமாக இரண்டு தறி போட்டவர்களும் உண்டு. கஷ்டமான தொழில்தான். ஆனால் ஏறுவதற்குப் படி இருக்கிறது.

அக்கா ஒரு நாள் சொன்னார். "நான் பாத்த ஒவ்வொரு வீட்லயும் கடைசியில ஒரு சாவு விழும் தம்பி. பதினாறாம் நாளு எனக்கு வேல இல்ல. அடுத்த வீட்டுக்குப் போனா மறுபடி ஒண்ணாங் கிளாஸ்தான். 'உனக்கு என்ன தெரியும்?'னு கேப்பாக. எனக்குத் தெரியும்னு சொல்ல, சாட்சிக்கு ஆளே இருக்காது. செத்துப்போனாகள்ல."

வேறு எந்தத் தொழிலில் இப்படி உண்டு? வேலையைச் சரியாகச் செய்து முடித்தால், முடிவில் வேலையும் போய், சாட்சியும் போய்விடுகிறது.

இது ஒரு அக்காவின் பிரச்னை இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். 2031-ல் அது பதினெட்டைத் தாண்டும் என்பது மத்திய அரசின் கணிப்பு. பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், துபாயில். ஊரில் இருப்பது பெற்றவர்களும் பூட்டிய மாடி ரூமும்.

பார்க்க ஆள் இல்லாமல், பணமும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியாதது இல்லை. பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் 'தலைக்கூத்தல்' பற்றி 2010-ல் பத்திரிகைகள் எழுதியபோது நாடே அதிர்ந்தது. படுத்த படுக்கையான முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாக விடுவது. அதைப் பற்றி எடுத்த தமிழ்ப் படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. படத்தின் பெயர் 'பாரம்'. அந்தக் குடும்பங்களைத் திட்டுவது எளிது. கொலைக்கு நான் சமாதானம் சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த வீட்டுக்கு, புரட்டிப் படுக்க வைக்கத் தெரிந்த ஒரு கை, வாரத்துக்கு இரண்டு நாள் போயிருந்தால்? இந்தக் கேள்வி நம் எல்லோருக்கும் உரியது.

*

சரி, என்ன செய்யலாம்? 'எல்லோருக்கும் சர்டிஃபிகேட் கொடு' என்று சொல்லி முடிக்கலாம். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. எங்கள் அக்கா படித்தது அஞ்சாம் வகுப்பு. ப்ளஸ் டூ இருந்தால்தான் பயிற்சி என்று விதி போட்டால், பதினோரு வருட அனுபவம் வெளியே நிற்கும். பத்தொன்பது வயதுப் பெண் சான்றிதழோடு உள்ளே வருவார். அதனால் சோதிக்க வேண்டியது கையை. ஒரு டம்மி உடம்பைப் புரட்டச் சொல்லுங்கள், ஊட்டச் சொல்லுங்கள், புண் வரப்போகிற இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தெரிந்ததற்குச் சான்று, தெரியாததற்குப் பாடம். முன்பே கற்றதை அங்கீகரிக்கும் முறை நம் நாட்டுத் திறன் பயிற்சித் திட்டங்களில் ஏட்டளவில் இருக்கத்தான் செய்கிறது. அது சங்கரன்கோவில் தெருவுக்கு வர வேண்டும்.

சான்றிதழ் மட்டும் வந்தாலும் போதாது. இங்கிலாந்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் நோயாளிகள் கவனிப்பில்லாமல் கிடந்த கொடுமை 2013-ல் விசாரணை அறிக்கையாக வந்தபோது, உதவியாளர்களின் நிலையை ஆராயச் சொல்லி அரசு கேட்டது ஒரு பத்திரிகையாளரை. கமில்லா கேவண்டிஷ். 'அடிப்படைப் பராமரிப்பு' என்று சொல்லிச் சொல்லியே இந்த வேலையின் கஷ்டத்தைக் குறைத்துக் காட்டுகிறோம் என்றார் அவர். 2015-ல் பராமரிப்புச் சான்றிதழ் வந்தது. 2024-ல் எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்குப் போகலாம் என்ற வரைபடமும் வந்தது. ஆனால் ஐந்து வருடம் வேலை பார்த்தவருக்கும் புதிதாக வந்தவருக்கும் சம்பள வித்தியாசம் மணிக்குப் பத்து பென்ஸைக்கூடத் தொடாத வருடங்கள் அங்கே இருந்தன. படி வரைந்தார்கள். ஏறினால் என்ன கிடைக்கும் என்பதை எழுத மறந்துவிட்டார்கள். ஊரில் ஆள் கிடைக்காமல் 2022-ல் வெளிநாட்டவருக்கு விசா திறந்து, 2025-ல் புதிதாக ஆள் எடுப்பதை மூடினார்கள்.

ஜப்பான் 1987-லேயே சட்டம் போட்டு இந்த வேலைக்குத் தேசியத் தகுதி ஒன்றை உருவாக்கியது. 2000-ல் முதியோர் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீடு கொண்டுவந்தது. நாற்பது வயதிலிருந்து எல்லோரும் பணம் கட்ட வேண்டும். அங்கேயும் ஆள் பற்றாக்குறை இருக்கிறது. ஆனாலும் 'யார் கொடுப்பது?' என்ற கேள்விக்கு அவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் தொடங்கியது, தெருவில் இருப்பவர்களுக்கே பயிற்சி கொடுத்து வலி நிவாரணப் பராமரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோகும் இயக்கமாக வளர்ந்தது. 2008-ல் அரசே அதற்கென்று ஒரு கொள்கை அறிவித்தது.

ஏன் ஜப்பான் வரை போகிறேன் என்றால், நெசவு செய்து ஓய்ந்த ஒரு குடும்பத்தால் மாதம் பதினைந்தாயிரம் கொடுக்க முடியாது. அக்காவின் நியாயமான சம்பளமும் அந்த ஏழைக் குடும்பத்தின் தேவையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இந்த மோதலை நல்ல மனசால் தீர்க்க முடியாது. பொதுப் பணத்தால்தான் முடியும். ஆனால் என்னைப் போல மாதச் சம்பளக்காரர்கள் அரசு வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. எனக்கு ரெண்டாயிரம் ரூபாய் இருந்தது. கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

*

எங்கள் ஊர்க் கோயில் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சண்டை. அம்பாளிடம் போனார்கள். அவள் தவமிருந்தாள். சுவாமி பாதி சங்கரனாகவும் பாதி நாராயணனாகவும் ஒரே உடம்பில் வந்து நின்றார். இன்றும் ஆடித்தபசுக்கு ஊரே திரள்வது அந்தக் காட்சிக்குத்தான்.

முதியவர்களைப் பார்த்துக்கொள்வது அன்பா, தொழிலா என்று நாமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். என் அம்மாவின் தலையணைக்கு அடியில் புற்றுமண் வைத்ததும், இரண்டு மணிக்கு ஒரு தரம் அலாரம் வைத்து எழுந்து அவரைப் புரட்டியதும் ஒரே கைதான். அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதற்குக் கூலி கிடையாது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

அம்மா 2024-ல் போனார். உடம்பில் ஒரு புண் இல்லாமல் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அக்கா பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். பாக்கியைச் சேர்த்துக் கொடுத்தேன். ஒரு வருடமாகக் கொடுக்காமல் விட்ட ரெண்டாயிரங்களையும் சேர்த்து. வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

"தம்பி, பேப்பர்ல எல்லாம் எழுதுறீகள்ல. எனக்கு ஒரு லெட்டர் எழுதித் தாங்களேன். அடுத்த வீட்ல காட்ட" என்றார்.

உட்கார்ந்தேன். இருபது வருடமாக எழுதுகிறவன், முதல் வரியில் மாட்டிக்கொண்டேன். 'இவர் எங்கள் வீட்டில்...' என்னவாக இருந்தார்? 'ஆயா' என்று எழுதி அடித்தேன். 'உதவியாளர்' என்று எழுதி அதையும் அடித்தேன். கடைசியில் பெயரே போடவில்லை. அவருக்கு என்னென்ன தெரியும் என்று எண் போட்டு எழுதினேன். புரட்டுவது, ஊட்டுவது, புண் துடைத்துக் கட்டுவது, ட்யூப் பார்ப்பது, மறதி வந்தவரோடு பேசுவது, கடைசி ராத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது... பதினேழு வந்தது. கீழே என் போன் நம்பர் எழுதி, 'இதற்கு நான் சாட்சி' என்று கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு அக்கா இருக்கலாம். இன்று ராத்திரி ஒரு தாளை எடுத்து, அவருக்கு என்னென்ன தெரியும் என்று எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததும், அவருக்கு நீங்கள் கொடுக்கும் சம்பளத்தையும் அதே தாளில் அடியில் எழுதுங்கள்.